குறை எண்ணாக வரும் இடமாறுகளை மென்பொருள் தானாகவே நீக்கலாமா?

வானோக்கி:
கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் (2022) ஏறத்தாழ 146 கோடி விண்பொருள்களுக்கு இடமாறு, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது அவை இடம் நகர்வதுபோல் தோன்றும் கோண அளவு, தரப்பட்டுள்ளது. விண்மீன்களின் தொலைவைக் கணிக்க நாம் எழுதும் பைத்தான் நிரல், இடமாறு தன் பிழையைப் போல் 5 மடங்குக்குக் குறைவாக உள்ளவற்றைத் தரவிறக்கும்போதே நீக்கிவிட வேண்டும் என்கிறேன். குறை எண்கள் யாவும் அதிலேயே போய்விடும். இடமாற்றின் தலைகீழ்தான் தொலைவு. குறைத் தொலைவு என ஒன்று இல்லை.

கயல்விழி:
இதை ஏற்க இயலாது. பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் மண்டலம் சுமார் 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், அதன் விண்மீன்களின் உண்மையான இடமாறு 0.02 மில்லி வில்நொடிதான் (ஒரு மில்லி வில்நொடி என்பது ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு). 20ஆம் பொலிவுத்தர விண்மீனுக்குக் கையாவின் அளவீட்டுப் பிழையோ சுமார் 0.5. ஆகவே அங்குள்ள மங்கலான விண்மீன்களில் ஏறக்குறைய பாதிக்குக் குறை எண் வருவதே இயல்பு. அவற்றை மட்டும் நீக்கிச் சராசரி எடுத்தால் அந்த மேகம் நமக்கு மிக அருகில் வந்துவிடும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: மிகத் தொலைவிலுள்ள பொலிவான விண்மண்டல மையங்களான குவேசர்களின் இடமாறு நடைமுறையில் சுழியம், கையா அளந்த இடைநிலை மதிப்போ −0.017 மில்லி வில்நொடி. குறை எண்களை வெளியீட்டிலேயே விட்டுவைத்ததால்தான் இந்த விலகலைக் காண முடிந்தது.

வானோக்கி:
குவேசர் சான்று வலுவானதே. ஆனால் மாற்றாகச் சொல்லப்படும் பேய்சியன் முறை, அளவீட்டை முன்கூட்டிய எதிர்பார்ப்புடன் சேர்த்துத் தொலைவைக் கணிப்பது; அதற்கு, விண்மீன்கள் எப்படிப் பரவியுள்ளன எனக் கூறும் பால்வீதியின் மாதிரி ஒன்று தேவை. பெய்லர்-ஜோன்ஸ் குழுவின் 2021 தொலைவுப் பட்டியல் பால்வீதி மாதிரியையே கொண்டது; மெகல்லன் மேக விண்மீனுக்கு அது தரும் தொலைவு மாதிரியின் குரலே தவிர அளவீட்டின் குரல் அன்று. மாணவர் அதை அளவீடென்றே நம்பிவிடுவார்.

கயல்விழி:
தனி விண்மீனுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். கூட்டங்களுக்கு மாதிரி எதுவும் வேண்டாம்: இடமாறுகளைப் பிழைக்கேற்ற எடையுடன் முதலில் சராசரியாக்கி, பிறகு தலைகீழாக்கினால் போதும். கார்த்திகைக் கூட்டத்துக்கு, 7.4 மில்லி வில்நொடி என்பதால், எந்த வழியிலும் சுமார் 440 ஒளியாண்டு கிடைக்கும். தொலைவு கூடும்போதுதான் உங்கள் வடிகட்டி அருகிலுள்ள, பொலிவான விண்மீன்களையே மிச்சம் வைத்து எண்ணிக்கையைச் சாய்க்கிறது.

நிரலாளர்:
எந்த வரிசையையும் நீக்காமல், 5 மடங்கு வரம்பில் தேறாதவை எவை, ரூவே மதிப்பு (RUWE, தனி விண்மீனுக்கான கணிப்பிலிருந்து அளவீடு எவ்வளவு விலகுகிறது என்பதன் குறியீடு) 1.4ஐத் தாண்டியவை எவை என்று தனித்தனி நெடுவரிசைகளில் குறித்து வைக்கலாமே. எதை விட்டோம் என்பது ஆய்வாளரின் நிரலிலேயே வெளிப்படையாக இருக்கும்.

வானோக்கி:
குறியீட்டு நெடுவரிசைகளுக்கு உடன்படுகிறேன். எனினும் தனி விண்மீனின் தொலைவைக் கேட்கும் செயற்கூறு, வரம்பில் தேறாதவற்றுக்கு எண் எதையும் தரக்கூடாது. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கயல்விழி:
எண் தர வேண்டாம். இடமாறும் பிழையும் அதே வெளியீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.