கிரைம் ஸ்கிரிப்ட் பாக்க ஆள் வேணும்

வணக்கம் மக்களே, மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து நாங்க சில பேரு டிவிக்கு அனுப்ப ஒரு உண்மை கிரைம் நிகழ்ச்சி எழுதிகிட்டு இருக்கோம், கிரிமினாலஜி படிச்ச அண்ணன் அக்கா யாராச்சும் இருந்தா ஸ்கிரிப்ட்ட பாத்து சொல்லுங்க லா. இப்ப வர்றதெல்லாம் கொலைகாரன் மண்டைக்குள்ளயே உக்காந்துக்குது (எனக்கு அலுத்துப் போச்சு), ஆனா 1979லயே கோஹன், ஃபெல்சன்னு ரெண்டு அமெரிக்க குற்ற ஆய்வாளருங்க சொன்னது, செய்யத் துணிஞ்ச ஆளு, தோதான இலக்கு, தடுக்க ஆளில்லாத நிலைமை, மூணும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல சேந்தாதான் குற்றம்னு. அப்ப லயம் (எஸ்டேட் தொழிலாளிங்க இருந்த வரிசை வீடுங்க) காலியானப்புறம் லைட்டே இல்லாம கெடக்குற எஸ்டேட் ரோட்டையும் காட்டணும்ல? அமெரிக்காவுல டிஎன்ஏ டெஸ்ட்ல நிரபராதின்னு வெளிய வந்த கேஸ் நிறையதுல கண்ணால பாத்த சாட்சியே ஆள மாத்திக் காட்டிருக்காங்க, அதுக்குன்னு தனி எபிசோட் தாங்குமா? செத்தவங்க குடும்பத்துகிட்ட எப்படிப் பேசுறதுன்னும் சொல்லிக் குடுங்க. காசு இல்ல, ரொட்டி சானாய் உண்டு, பிஎம் பண்ணுங்க.