மாணவர் அல்லாதவர்களும் போகலாம்: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக நிகழ்ச்சிகளில் உங்கள் அனுபவம் என்ன?

கடலோரக்காரன், டர்பன்:

பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டால் போதும், பல்கலைக்கழக நிகழ்ச்சி போஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். சொற்பொழிவு, பயிலரங்கு, புத்தக வெளியீடு, நாடகம், ஜூலை 18 மண்டேலா தினத்துக்கு 67 நிமிடத் தொண்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் "அதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு" என்று தள்ளிவிடுகிறார்கள். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் "பொதுமக்களும் வரலாம், கட்டணம் இல்லை" என்று போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. நான் சில வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எதற்குப் போகலாம், எதை விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. உங்களுடையதையும் சொல்லுங்கள்.

மேடை பெரிதாக இருந்தால் யோசியுங்கள், சுற்றி உட்கார மேசை இருந்தால் கிளம்புங்கள். புதுப் பேராசிரியர்களின் பதவியேற்பு உரை என்று ஒன்று நடக்கும். அங்கி, ஊர்வலம், நன்றி சொல்வது எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வருவதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும். அவர் குடும்பத்துக்கு அது பெரிய நாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியாளுக்கு அங்கே வேலை கிடையாது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நடந்த ஒரு பயிலரங்கு. குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்பது பற்றியது. காந்தி-லுதுலி ஆவண மையம் இருப்பதும் அந்த வளாகத்தில்தான். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று தனியாக 1961-ல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். அது 1972-ல் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறியது. 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பயிலரங்குக்கு வந்த பெரியவர்களில் சிலர் அந்தத் தீவுக்குப் படகில் போய்ப் படித்தவர்கள். நடத்தியவர் பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரத்துச் சொச்சம் பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கும்.

நடத்தியவர் முதலில் சொன்னதே, பெயரை வைத்துத் தேடாதீர்கள் என்பதுதான். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, ஒரே பெயரில் நூறு முனுசாமி இருப்பார்கள். எண்ணைத் தேடுங்கள் என்றார். அது எங்கே கிடைக்கும்? தாத்தா பாட்டியின் பழைய கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறப்புச் சான்றிதழ் இவற்றில் மூலையில் எழுதியிருக்கும். பரணில் இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

எனக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு ஆன்ட்டி. பிளாஸ்டிக் உறையில் மடித்த கல்யாணக் காகிதம், அதற்குள் இன்னொரு உறை. பேரனுக்கு ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) வேண்டுமாம், அதற்காக அனுப்பியிருக்கிறான். ஆன்ட்டிக்கு அட்டையில் அக்கறை இல்லை, ஊர் தெரிந்தால் போதும். எண்ணைப் போட்டதும் கப்பல் பட்டியலில் அந்த வரி வந்துவிட்டது. வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா. உடல் அடையாளம் என்ற கட்டத்தில் இடது முழங்காலில் தழும்பு. எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர், குடியாத்தம் பக்கத்தில்தான் என்றேன். உடனே என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "அங்கே பச்சைப்பசேலென்று இருக்குமா? ஆறு இருக்குமா?"

நான் உள்ளதைச் சொன்னேன். வெயில் ஊர், ஆன்ட்டி. தீப்பெட்டி, கைத்தறி லுங்கிக்குப் பேர்போனது. பாலாறு இருக்கிறது, ஆனால் நல்ல மழை பெய்த வருடம்தான் தண்ணீரைப் பார்க்கலாம், மற்ற நாளெல்லாம் மணல். முகம் வாடிவிடுமோ என்று பார்த்தேன். அவர் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டே, "சரி, சும்மா யாரும் கப்பல் ஏற மாட்டார்களே" என்றார். அப்புறம் செல்போனில் மேப்பைத் திறந்து குடியாத்தத்தைக் காட்டச் சொன்னார். ரயில் நிலையம் எங்கே, கோயில் எங்கே, அங்கே ஆட்டுக்கறி என்ன விலை என்று கேள்விமேல் கேள்வி. பயிலரங்கின் மீதிப் பாதி எனக்கு அப்படியே போனது.

இன்னொன்று. இங்கே கேள்வி நேரத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. மைக் கைக்கு வந்ததும் "என் தாத்தா மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில்..." என்று தொடங்கிவிடுவார்கள். "கேள்வியைக் கேளுங்கள், ப்ளீஸ்" என்று தலைமை வகிப்பவர் கெஞ்சிக்கொண்டிருப்பார். நான் போவதே அதற்காகத்தான்.

பனிமூட்டம், ஜோஹன்னஸ்பர்க்:

டர்பன் அண்ணா, நல்ல இழை ஆரம்பித்தீர்கள். என் அனுபவம் விட்ஸ் பல்கலைக்கழகத்தில். மாலைச் சொற்பொழிவு, டவுங் குழந்தையைப் பற்றி. 1924-ல் டவுங் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த, மனித மூதாதையர் இனக் குழந்தை ஒன்றின் புதைபடிவ மண்டையோடு அது. விட்ஸ் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் 1925 பிப்ரவரியில் அதைப் பற்றி எழுதியபோது, மனித மூதாதையர் ஆப்பிரிக்காவிலா என்று ஐரோப்பாவில் பலர் நம்ப மறுத்தார்கள். அவர் சொன்னதை ஏற்கவே பல வருடங்கள் ஆயின.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என் பையனையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. முதல் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம். அரைமணி நேரம் நெளிந்துகொண்டிருந்தான். முடிந்ததும் மண்டையோட்டின் அச்சு வார்ப்பை மேசையில் வைத்துக் கிட்டே வந்து பார்க்கலாம் என்றார்கள். ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பேனா முனையால் காட்டினாள்: எல்லாம் பால்பல், அவற்றுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைக்கிறது, அதை வைத்துத்தான் சின்னக் குழந்தை என்று கண்டுபிடிக்கிறார்கள். என் பையன் உடனே வாயை "ஆ" என்று திறந்து தன் கடைவாயைக் காட்டினான். அவளும் சலிக்காமல் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, "உனக்கும் வந்துவிட்டது" என்றாள். பல் டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டான் இவன்! கண்குழியில் இருக்கும் கீறல்களை வைத்து, பெரிய கழுகு தூக்கிப்போயிருக்கலாம் என்று சொல்கிறார்கள் என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். அதனால் பையன் ஒரு வாரம் தோட்டத்தில் தனியாக விளையாடப் போகவில்லை.

நடைமுறைத் தகவல்: விட்ஸ் இருக்கும் பிராம்ஃபோன்டெய்ன் பகுதியில் இரவு நடந்து போகாதீர்கள். ஊபர் பிடியுங்கள், அல்லது வளாகத்துக்குள்ளேயே வண்டியை நிறுத்துங்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

மாரிட்ஸ்பர்க் மாமா:

எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பை ஊற்றுகிறேன். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு வளாகத்துக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை. கேட் பூட்டிக் கிடந்தது. கட்டணப் பிரச்சினையில் மாணவர் போராட்டம், டயர் புகை, நிகழ்ச்சி ஆன்லைனுக்கு மாறிவிட்டது. பதிவு செய்தவர்களுக்கு ஒரு வரி மெயில்கூட இல்லை. பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பிரச்சினை உண்மையானது. செய்தி சொல்லாதவர்கள் மேல்தான் கோபம். பிப்ரவரி, மார்ச்சில் எந்த வளாகத்துக்குப் போவதானாலும் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்துக்கடை அக்கா, பைன்டவுன்:

நான் சொல்லப்போவது பேச்சு ஜூலு பயிலரங்கு. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல், ஜூலு தெரியாத முதலாண்டு மாணவர்கள் அதை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். வெளியாட்களுக்கும் அவ்வப்போது சிறு வகுப்புகள் நடக்கும். என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். மாத்திரையைக் காட்டி விரலால் கணக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்த்தான் சேர்ந்தேன்.

எல்லாரையும் பயமுறுத்துவது அந்தக் கிளிக் ஒலிகள். மூன்று இருக்கின்றன. அதில் ஒன்று நமக்குப் பிறவியிலேயே வரும்: பாவம் என்று "ச்சு ச்சு" கொட்டுகிறோமே, அதேதான். இரண்டாவது கன்னத்தின் ஓரத்தில், மாட்டை ஓட்டும்போது வண்டிக்காரர் போடும் சத்தம். மூன்றாவதுதான் கஷ்டம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, பாட்டில் மூடி திறப்பதுபோல் "டொக்" என்று விடவேண்டும். ஒலி தனியாக வந்துவிடுகிறது. வார்த்தைக்கு நடுவில் வரச்சொன்னால் நாக்கு மறுக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு ரிட்டயர்ட் நீதிபதியும் வாசல் காவலர் ஒருவரின் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி "டொக்" போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மகள் கற்றுக்கொடுக்கிறவள், நீதிபதி மாணவர்.

மொழியைவிட எனக்குப் பயன்பட்டது அந்தப் பெண் சொன்ன ஒரு விஷயம். "நீங்கள் எல்லாரும் நேராக வேலைக்கு வந்துவிடுகிறீர்கள். முதலில் சாவுபோனா (ஜூலுவில் வணக்கம்) சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் வேலையைப் பேசுங்கள். ஒருவருக்கு மேல் இருந்தால் சனிபோனானி." நம் ஊரில் வந்தவரிடம் "வாங்க, சாப்டீங்களா" கேட்காமல் காரியம் பேசுவோமா? இங்கே கடை கவுன்டருக்குப் பின்னால் நின்றதும் அதெல்லாம் எனக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள் என்று தாங்களாகவே சொல்கிறார்கள். முன்பெல்லாம் நான் கேட்டாலும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

மலையடி, கேப்டவுன்:

இங்கே கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் கோடைப் பள்ளி நடக்கும். எந்தத் தகுதியும் கேட்பதில்லை, பரீட்சை இல்லை. ஓவியத்திலிருந்து வானியல் வரை இருக்கும். ஆனால் இலவசம் இல்லை, நல்ல பாடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், நாற்பது வயதான நான்தான் வகுப்பில் சின்னப் பையன். வேறு சுவாரசியமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேபிள் மலை ஜன்னலில் தெரிவதால் பாதி வகுப்பில் கவனம் அங்கே போய்விடும்.

கடலோரக்காரன், டர்பன்:

மருந்துக்கடை அக்கா, அடுத்த ஜூலு வகுப்பு எப்போது என்று போடுங்கள், நானும் என் மனைவியும் வருகிறோம். மாமா சொன்னது சரிதான். நானும் ஒருமுறை பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவன்தான்.

சமூசா விஷயம் யாரும் எழுதவில்லையே? டர்பனில் எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் தட்டில் குட்டி முக்கோணச் சமூசா உண்டு. உருளைக்கிழங்கும் கறியும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு எடுங்கள். மாணவர்கள் ஓரமாக நின்றால் முதலில் அவர்களை எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதுதான் அன்றைய ராத்திரிச் சாப்பாடு.

ஹோவர்ட் காலேஜ் வளாகத்துக்குப் போகாதவர்கள் அங்கேயும் ஒருமுறை போங்கள். எலிசபெத் ஸ்னெடன் அரங்கு அங்கேதான் இருக்கிறது. டர்பன் திரைப்பட விழாவின் படங்களை அங்கே பார்த்திருக்கிறேன், கவிதை விழாவும் நடக்கும். முதல் உலகப்போரில் இறந்த மகன் ஹோவர்டின் நினைவாக ஒரு தகப்பன் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடத்தின் பெயர்தான் இன்று வளாகத்துக்கே பெயர். வகுப்பு நடக்கும் மாதங்களில் புதன்கிழமை மாலை ஜாஸ் துறையினர் வாசிப்பார்கள், மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து. எனக்கு ஜாஸ் ஒன்றும் புரியாது, ஆனால் டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்கும் பாஸ் கிட்டார்காரருக்கும் நடக்கும் சண்டை நம் தனியாவர்த்தனத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. வரும் புதன் நான் போகிறேன். குளென்வுட் பக்கமிருந்து கிளம்புவேன், காரில் இரண்டு இடம் காலி. வருகிறவர்கள் செவ்வாய்க்குள் சொல்லிவிடுங்கள்.