கப்பல் விருந்துக்கு நம் சேலையும் வேட்டியும் போதுமா? செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்ததும் வருகிற தாள்களில் ‘ஃபார்மல் நைட்’ என்று ஒரு வரி இருக்கும், விருந்துக்கு எல்லாரும் சிறப்பாக உடுத்தி வர வேண்டிய ராத்திரி என்று அர்த்தம். அந்த ஒரு வரிக்காக எத்தனையோ குடும்பங்கள் திருச்சியிலும் மதுரையிலும் கடை கடையாக ஏறி இறங்குகின்றன. பெண்களுக்கு கவுன், ஆண்களுக்குக் கோட்டு, பிள்ளைகளுக்கு ஷூ என்று பயணப் பணத்தில் பெரும்பகுதி துணிக்கே போய்விடுகிறது. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் நாங்கள் அங்கிருந்து பினாங்கு போய்வரும் கப்பலில் போனோம். கவுனும் வாங்கவில்லை, கோட்டும் வாங்கவில்லை. நன்றாக உடுத்திக்கொண்டுதான் போய் உட்கார்ந்தோம். அதை எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்று. மூன்று நான்கு இரவுப் பயணமென்றால் இந்த ஃபார்மல் நைட் பொதுவாக ஒரு ராத்திரிதான். ஏழு இரவென்றால் இரண்டு இருக்கும். மற்ற நாட்களில் சுத்தமான, கசங்காத உடுப்பு போதும். பெரிய டைனிங் ரூமுக்குள் நீச்சல் உடையோ கையில்லாத பனியனோ கூடாது என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரியும் வேண்டாமென்றால் மேல் தளத்து பஃபேயில் சாதாரண உடுப்போடு சாப்பிட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பரிமாறச் சாப்பிடுவது தனி சுகம்.

நான் எடுத்துப் போனது கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் நூல் சேலை. கட்டம், அகலக் கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு என்று தூரத்திலிருந்தே தெரியும் நிறங்கள். கப்பல் டைனிங் ரூமில் மங்கலான மஞ்சள் விளக்கு, வெள்ளை மேசை விரிப்பு, சுற்றிலும் கருப்பும் கருநீலமுமாக உடுத்தியவர்கள். அந்த வெளிச்சத்தில் சரிகையைவிட நம் அகலக் கரை எடுப்பாகத் தெரிகிறது. பட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கனமான பட்டு பெட்டி எடையை ஏற்றிவிடும், மேலே ஏதாவது சிந்திவிட்டால் கப்பலில் அதற்கு வைத்தியம் கிடையாது. கண்டாங்கியைக் குளியலறையிலேயே அலசிப் போட்டுவிடலாம். விலையும் இரண்டாயிரத்துக்குள் நல்லதாகவே அமைகிறது, தறிக்காரர்களிடமே போய் எடுத்தால் இன்னும் நயம். புதுச் சேலையை அப்படியே கட்டிக்கொண்டு போகாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசி, சாயம் நின்ற பிறகு பெட்டியில் வையுங்கள்.

காசு போட வேண்டிய இடம் பிளவுஸ். ஒரு சேலைக்கு இரண்டு பிளவுஸ் தைத்துக்கொண்டேன். ஒன்று கழுத்து ஏறிய, முழங்கை வரை கை வைத்த கருப்புப் பருத்தி. இன்னொன்று பெட்டியில் கிடந்த பழைய பட்டு ரவிக்கைத் துணியில் தைத்த அரக்கு. கருப்பைப் போட்டுக் கட்டினால் ஒரு தோற்றம், அரக்கைப் போட்டால் வேறு தோற்றம். நன்றாகப் பொருந்தத் தைத்த பிளவுஸ் இருந்தால் ஆயிரம் ரூபாய்ச் சேலையும் உயர்ந்த உடுப்பாகத்தான் தெரியும். நமக்கு அளவு தெரிந்த தையல்காரரிடமே கொடுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் முழுதாக ஒருமுறை கட்டி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போக முடியாது. தீப்பிடிக்கும் அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சில கப்பல்களில் நாமே தேய்த்துக்கொள்ளும் சலவை அறை உண்டு, பலவற்றில் இல்லை. அவர்களிடம் தேய்க்கக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று காசு. அதனால் சேலையை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கேபினுக்குப் போனதும் குளியலறையில் தொங்கவிட்டு, வெந்நீர்க் குளியல் முடிந்ததும் கையால் நீவிவிட்டால் கனமான நூல் என்பதால் படிந்துவிடும். கஞ்சி மட்டும் போட வேண்டாம். கஞ்சித் துணியில் விழுந்த மடிப்பு இஸ்திரி இல்லாமல் போகாது.

விருந்தன்று எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் இந்தோனேசியாக்காரர், சின்ன வயது. தட்டு வைக்க வந்தவர் முந்தானையைப் பார்த்துவிட்டு, “என் பாட்டி இதே கட்டத்தில்தான் துணி கட்டுவார்” என்றார். அவர் சொன்னது அவர்கள் ஊர் சாரோங். நம் பக்கத்துக் கட்டம் போட்ட கைலித் துணிகள் அந்தக் காலத்திலிருந்தே அந்த நாடுகளுக்குக் கப்பலில் போனவைதானே. அப்புறம் பயணம் முடியும் வரை அந்தத் தம்பி எங்களைத் தேடி வந்து பேசிக்கொண்டிருந்தார். கவுன் போட்டுப் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

கப்பல் பினாங்கில் நின்ற நாளில் அதே சேலையோடு தண்ணீர்மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டோம். நகரத்தார் கோயில் மண்டபத்தில் நின்றபோது கண்டாங்கி கட்டி வந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. காலையில் கோயில், ராத்திரி விருந்து, இரண்டுக்கும் ஒரே சேலை.

தேவகோட்டையிலிருந்து

ஆச்சி சொன்னது பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கம் நான் சொல்கிறேன்.

என் ஐயா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறித்தான் மலாயாவுக்குக் கொண்டு விற்கப் போனவர். 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் எல்லாரும் வேட்டிதான். அந்தக் கடலில் நானும் ஒருமுறை வேட்டியோடு விருந்தில் உட்கார வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஆசை சரி, உள்ளே விடுவார்களா? 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. இப்படி வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று அதற்கு அடுத்த மாதமே சட்டமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அது தமிழ்நாட்டுக்கான சட்டம், நடுக்கடலில் கப்பல்காரர்களின் விதிதான். பல நிறுவனங்கள் அவரவர் நாட்டு மரபு உடையை ஃபார்மல் உடையாக ஏற்றுக்கொள்கின்றன. உடை விஷயத்தில் கண்டிப்புக்குப் பேர்போன கூனார்ட் கப்பல்களிலேயே தேசிய உடை கட்டலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கப்பலின் விதியில் அப்படித் தெளிவாக இல்லாததால் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, வேட்டி கட்டிய படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினேன். தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் சிரித்து, மேசை எண்ணைச் சொன்னதோடு சரி, காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. நீங்களும் எழுதிக் கேட்டுவிடுங்கள், மனக்கவலை இல்லாமல் போகலாம்.

கட்டியது அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி, அதே பட்டுத் துண்டு, வெள்ளை முழுக்கைச் சட்டை. புதுச் செலவு சட்டைக்கு மட்டும். காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது, பட்டை வைத்த நல்ல தோல் செருப்பு பாலிஷ் போட்டு எடுத்துக்கொண்டேன். இடுப்புக்குப் பை வைத்த பெல்ட் அவசியம். அறைக் கதவைத் திறக்கும் கேபின் அட்டை எந்நேரமும் கையோடு இருக்க வேண்டும், சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். திறந்த தளத்துக்குப் போனால் காற்று பலமாக அடிக்கும், உள்பக்கம் ஓர் ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து மேசையில் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், கோட்டு, டை எல்லாம் கட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து “எந்த ஊர்?” என்று கேட்டார். தேவகோட்டை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தகப்பனார் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் செட்டியார் கடையில் வரவு செலவு வைத்திருந்தாராம். மறுநாள் ராத்திரி மகன் பெட்டியிலிருந்த வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்தும் வெகுநேரம் பேசினோம். அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன்.

பள்ளத்தூரிலிருந்து

ஆச்சி, எனக்குச் சேலை கட்டி நாள் முழுக்க இருப்பது பழக்கமில்லை. நான் போனது சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் சின்னப் பயணம், ஆபீஸ் தோழிகளோடு. என் ஆயாவின், அதாவது பாட்டியின், பழைய பட்டு ஒன்றில் நீளப் பாவாடை தைத்துக்கொண்டேன். மேலே கருப்பில் சாதாரண முழுக்கைச் சட்டை. தையல் கூலி, உள்துணி எல்லாம் சேர்த்துக் கடையில் பார்த்த கவுனின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. எங்கள் கூட்டத்தில் போட்டோக்காரர் தானே வந்து கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தது என்னைத்தான்.

பழைய பட்டில் தைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டகத்தில் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த சேலை அந்த மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மெதுவாக இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கீறல் விட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டச் சொல்ல வேண்டும். உள்ளே பருத்தி உள்துணி முழுதாகக் கொடுத்தால்தான் தையல் தாங்கும். என் பாவாடைக்கு உடல் பகுதி பாதிதான் தேறியது, ஆனால் கரையும் முந்தியும் நேற்று நெய்தது மாதிரி இருந்தன. தையல்காரர் முந்தியை முன்பக்கம் வருகிற மாதிரி வைத்து வெட்டினார், அதுதான் அழகே. முதலில் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஆயா சந்தோஷமாகக் கொடுத்தார், படத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்து வைத்திருக்கிறார்.

கைப்பைக்கு நம் ஓலைக் கொட்டான், பனையோலையில் முடைந்த கூடை. மூடி போட்ட சின்னதில் போனும் அட்டையும் அடங்கிவிடுகிறது. நம் வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் மாதிரி வண்ணம் இருக்கிறது என்று எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள்.

கோட்டையூரிலிருந்து

எங்கள் வீட்டில் அவருக்கு வேட்டி வேண்டாமாம், கோட்டுதான் என்கிறார். வாடகைக்கு எடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து

வாடகையை நாள் கணக்கில் போடுவார்கள் தங்கச்சி. போகவர ஆகும் நாளும் சேர்ந்துவிடும், ஒரு ராத்திரிக்கு அது கட்டுப்படியாகாது. கல்யாண வரவேற்புக்கு எடுத்த கோட்டு வீட்டில் இருக்குமே, அதைத் தையல்காரரிடம் கொடுங்கள். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருப்பார்கள், கொஞ்சம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அதுவும் ஆகவில்லையென்றால் கருப்பு பேன்ட், வெள்ளை முழுக்கைச் சட்டை, ஒரு டை. பெரும்பாலான கப்பல்களில் கோட்டு கட்டாயமில்லை, இது போதும்.

காரைக்குடியிலிருந்து

அண்ணன் சொன்னது சரி. பள்ளத்தூர்ப் பிள்ளையின் பாவாடை யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது, என் மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

விட்டுப்போன சில. டைனிங் ரூமில் ஏசி நடுக்கும். சேலைக்கு ஒத்த நிறத்தில் மெல்லிய சால்வை ஒன்று வேண்டும், பெரியவர்களுக்குக் கட்டாயம். செருப்பு தட்டையாகவோ அகலக் குதிகால் வைத்ததாகவோ இருக்கட்டும். கப்பல் லேசாக ஆடும்போது ஊசிக் குதிகாலில் படி இறங்க முடியாது. போட்டுப் போகிற அதே செருப்போடு சேலை கட்டிப் பார்த்து நீளம் வைத்துக்கொள்ளுங்கள். தங்க நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு கவரிங்கில் ஒரு அட்டிகை, ஒரு தோடு எடுத்துக்கொண்டால் நிம்மதி. கண்டாங்கிக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இன்னொன்று முக்கியம். கப்பல் ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டுவிடுவார்கள். அது கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம், சில சமயம் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடும். முதல் நாள் ராத்திரிக்கான சேலை, பிளவுஸ், பாவாடை, ஊக்கு, மாத்திரை எல்லாவற்றையும் தோளில் மாட்டும் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.