குரோனோகிராஃபுக்கு என்ன சொல்? கன்னல், வரைவி, ஓட்டநேரக் கடிகாரம்

உதகை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். விலை உயர்ந்த விளையாட்டுக் கைக்கடிகாரங்களில் எதை வாங்கலாம் என்று ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை இதழுக்குப் போக வேண்டும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ரோலெக்ஸ் டேடோனா, டாக் ஹாயர் கரேரா, ஸெனித் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட் நான்கையும் அது ஒப்பிடுகிறது. நான்குமே குரோனோகிராஃப். மணி காட்டும் முள்கள் தம்பாட்டுக்கு ஓடும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் தனி நொடிமுள் ஒன்று கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். சிக்கல் என்னவென்றால், டேடோனா குரோனோமீட்டரும்கூட, அதாவது துல்லியத்துக்குச் சான்று பெற்றது. சுவிஸ் பொதுச் சான்றுக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம், அவ்வளவுதான். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. காலவரைவி, காலமானி என்று போட்டால் வாசகர் குழம்பிவிடுவார். உங்கள் யோசனை தேவை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'மானி' வடமொழி வழி வந்தது, 'அளவி' இருக்க அது எதற்கு? குரோனோகிராஃபுக்குச் சொல்லைத் தேடி அலையவும் வேண்டாம். முல்லைப்பாட்டில் பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள், 'குறுநீர்க் கன்னல் இனைத்து', அதாவது நீர்க்கடிகாரம் காட்டும் பொழுது இவ்வளவு, என்று அரசனுக்குச் சொல்கிறார்கள். இவ்வளவு பொழுது கழிந்தது என்று கணக்கிட்டுச் சொல்வதுதானே உங்கள் பொத்தான் கடிகாரத்தின் வேலையும்? 'நொடிக்கன்னல்' என்று எழுதுங்கள்.

குன்னூர், கடிகாரம் பழுதுபார்ப்பவர்:
ஐயா, கன்னல் என்றால் கரும்பு, கற்கண்டு என்றும் பொருள் உண்டே. கடைக்கு வருகிறவர்கள் 'ஸ்டாப்வாட்ச் வைத்த வாட்ச்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்காகப் பாடப்புத்தகத்தின் 'நிறுத்துக் கடிகாரம்' இங்கே பொருந்திவிடாது. இதில் கடிகாரம் நிற்பதில்லை, ஒரு முள்தான் நிற்கிறது. என் கருத்து, குரோனோகிராஃப் என்றே விட்டுவிடலாம்.

சொல்லைவிட வாங்குபவருக்கு முக்கியமான ஒன்றைக் கட்டுரை சொல்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி. நிலவுக்குப் போன கடிகாரத்தின் வழிவந்த ஸ்பீட்மாஸ்டருக்குக் கையால் சாவி கொடுக்க வேண்டும்; டேடோனா மணிக்கட்டு அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும். தினமும் சாவி கொடுப்பதில் சந்தோஷப்படும் ஆளா, சலித்துக்கொள்ளும் ஆளா என்பதைப் பொறுத்தே பாதித் தேர்வு முடிந்துவிடும். ஸெனித்தின் எல் பிரிமேரோ இயந்திரம் 1969-இல் வந்தது. மணிக்கு 36,000 துடிப்பு, அதனால் பத்தில் ஒரு பங்கு நொடி வரை அளக்கும். 1988 முதல் 2000 வரை டேடோனாவுக்குள்ளேயே அந்த இயந்திரத்தின் மாற்றியமைத்த வடிவம்தான் ஓடியது. இதை விட்டுவிட்டு எழுதினால் ஒப்பீடு ஒப்பீடாக இருக்காது.

கொடைக்கானல், இயற்பியல் ஆசிரியர்:
நான் 'வரைவி' பக்கம். பாரிஸில் கடிகாரக் கலைஞர் ரியூசெக் 1821-இல் குதிரைப் பந்தயத்துக்குப் பயன்படுத்திய கருவி, சுழலும் தட்டில் மைப்புள்ளி வைத்து நேரத்தைக் குறித்தது. கிராஃப் என்றால் எழுதுவது; பெயர் வந்ததே அந்த எழுத்தால். வானாய்வகங்களிலும் விண்மீன் கடக்கும் கணத்தைக் காகிதம் சுற்றிய உருளையில் பதிந்தார்கள். அந்தக் கருவிக்கும் குரோனோகிராஃப் என்றுதான் பெயர். வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். பதிவு செய்யும் கருவிகளின் பெயரை லேசில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கிராஃப் வருகிற இடமெல்லாம் வரைவி என்று ஒழுங்காகப் போனால்தான் மாணவர்களுக்கு ஒரு சொல்லிலிருந்து இன்னொன்று பிடிபடும்.

கூடலூர், கல்லூரி மாணவி:
சார், ரியூசெக்குக்கு முன்பே 1816-இல் லூயி முவானே செய்து முடித்த கருவி நொடியில் 60-இல் ஒரு பங்கை அளந்தது. அது எதையும் எழுதவில்லை, முள்ளால் காட்டியது. இன்றைய கைக்கடிகாரமும் காட்டத்தான் செய்கிறது. எழுதாத கருவியை வரைவி என்று எப்படிச் சொல்வது? 'ஓட்டநேரக் கடிகாரம்' சரிவருமா? பந்தயம் பார்த்திருக்கும் யாருக்கும் உடனே புரியும். குரோனோமீட்டருக்குத் தனிச்சொல் வேண்டாம், 'துல்லியச் சான்று பெற்றது' என்று விரித்தே எழுதலாம்.

கோத்தகிரி:
ஓட்டம் என்றால் கடிகாரத்தின் ஓட்டமா, வீரனின் ஓட்டமா? அப்புறம், யாராவது 'வினாடி' என்று எழுதிவிடாதீர்கள். நாழிகை 24 நிமிடம்; அதில் 60-இல் ஒரு பங்கு வினாடி. ஆக ஒரு வினாடி 24 நொடி. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

கொடைக்கானல்:
நொடியும் அப்படித்தானே ஐயா? தொல்காப்பியத்தில் கண்ணிமையும் நொடியும் ஒரு மாத்திரைக்கு அளவு. குறில் ஒன்றைச் சொல்ல இன்றைய ஒரு நொடி ஆகுமா? இரண்டு சொல்லுமே புதுப்பொருள் ஏற்றவைதான். நொடிக்குக் கொடுத்த இடத்தை வினாடிக்கும் கொடுக்கலாம்.

குன்னூர்:
பெரியவர்களே, வெள்ளிக்கிழமை வந்துவிடும். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஸ்பீட்மாஸ்டரிலும் டேடோனாவிலும் முகப்பைச் சுற்றி டாக்கிமீட்டர் என்று எண்கள் இருக்கும். ஒரு கிலோமீட்டரை 30 நொடியில் கடந்தால் முள் 120-ஐக் காட்டும். மணிக்கு 120 கிலோமீட்டர். 60-க்குக் கீழே அதில் எண்ணே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து நம் கொண்டைஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்கு அது எதற்கும் உதவாது. மலை ரயிலுக்கு ஒரு கிலோமீட்டர் ஏற முள் ஐந்தாறு சுற்று சுற்றிவிடும். வளையத்தில் மயங்கிக் காசைக் கொட்டுகிறவர்களுக்கு இதை எழுதுங்கள்.

உதகை:
எல்லோருக்கும் நன்றி. கூடலூர் மாணவி சொன்ன 'ஓட்டநேரக் கடிகாரம்' போதும் என்றே எனக்கும் படுகிறது. குன்னூர் அண்ணனும் முதல் முறை வரும்போது குரோனோகிராஃப் என்பதைச் சேர்த்துக் கொடுத்தால் சரி என்று தொலைபேசியில் சொன்னார். அப்படியே அனுப்புகிறேன். சாவி கொடுப்பது பற்றியும் 60-க்குக் கீழ் எண் இல்லாதது பற்றியும் அடிக்குறிப்பு சேர்த்துவிட்டேன். கொடைக்கானல் ஐயா சொன்ன வரைவியை வானாய்வக உருளைக்கு வைத்துக்கொள்வோம். டாக்கிமீட்டருக்கு 'வேக வளையம்'.

கொடைக்கானல்:
உருளைக்கு மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பதிவில் இருக்கட்டும்.

கோத்தகிரி:
என் வாக்கு இன்னும் கன்னலுக்குத்தான். வளையம் நல்ல சொல், 'வேகம்' வடசொல். விரைவு வளையம் என்று மாற்ற நாளை மாலை வரை நேரம் இருக்கிறதா அம்மா?