டாக்கும் ஃபெஸ்டஸும் சண்டை போட்டால் போதும், கதையே வேண்டாம்: பழைய வெஸ்டர்ன் தொடர்கள், உங்கள் அனுபவங்கள்

ஒஹாயோ செவிலி

கன்ஸ்மோக் என்ற பழைய அமெரிக்க கவ்பாய் டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு, ஊர் டாக்டர் டாக் ஆடம்ஸையும் அவரோடு ஓயாமல் சண்டை போடும் ஃபெஸ்டஸையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருந்தார். நினைவு பெரும்பாலும் போய்விட்டது, மகள் வந்தாலும் யாரென்று கேட்பார். மதியம் கன்ஸ்மோக் மறுஒளிபரப்பு தொடங்கினால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். கதாநாயகன், ஊர்க் காவலதிகாரி மார்ஷல் மேட் டில்லன் துப்பாக்கியை உருவினால் அவருக்கு அக்கறையில்லை. லாங் பிராஞ்ச் சலூனில் டாக் உட்கார்ந்திருக்க, யார் காசிலாவது ஒரு பியர் கிடைக்குமா என்று ஃபெஸ்டஸ் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். டாக் கையால் மீசையைத் துடைப்பார். சண்டை ஆரம்பம் என்று அர்த்தம். தாத்தாவும் தன் மீசையைத் துடைத்துக்கொண்டு தயாராவார். சில நாள் ஃபெஸ்டஸ் வாயைத் திறக்கும் முன்பே பதிலை இவர் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் டாக் வரவில்லை. வேறொரு டாக்டர் வந்தார். "டாக் எங்கே?" என்று தாத்தா கேட்டார். சொன்னேன். திரும்பக் கேட்டார். சாயங்காலம் வரை அதே கேள்வி, சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: 1971ல் டாக்காக நடித்த மில்பர்ன் ஸ்டோனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, அந்த இடைவெளியில் சில வாரங்கள் பாட் ஹிங்கிள் புது டாக்டராக நடித்திருக்கிறார். மகளையே மறந்தவர் டாக்கைத் தேடினாரே, அதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செஸ்டர் பக்கம்

அக்கா, படிக்கும்போதே தொண்டை அடைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டாக்கோடு முதலில் மல்லுக்கு நின்றது ஃபெஸ்டஸ் இல்லை, மார்ஷலின் உதவியாள் செஸ்டர். தொடர் 1955ல் தொடங்கியபோதே அந்தச் சண்டையும் தொடங்கிவிட்டது. செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவருக்கு 1959ல் எம்மி விருதே கிடைத்தது. 1948 ஒலிம்பிக் அணித் தேர்வில் டெகத்லானில், அதாவது பத்துப் பந்தயப் போட்டியில், கலந்துகொண்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவர், நொண்டி நடக்கும் செஸ்டராக ஒரு காலை மடக்காமலே வருஷக்கணக்கில் குதிரை ஏறி, படி ஏறி, காபி போட்டு நடித்தார் என்றால் சாதாரணமா?

என் அனுபவம் சின்னதுதான். ஓக்லஹோமாவில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தபோது, வாடிக்கையாக வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்து, "செஸ்டர் போட்டதா?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு காலை விறைப்பாக வைத்து இழுத்துக்கொண்டே கதவுவரை நடந்து, "மிஸ்டர் டில்லன்!" என்று கூப்பிட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் முழித்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரியே தேடிப் பார்க்க ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை.

சான் அன்டோனியோ மருமகள்

நீங்கள் இரண்டு பேரும் கன்ஸ்மோக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே காலத்து ராஹைட் தொடர் பக்கம் யாரும் இல்லையா? சமையல்காரர் விஷ்போன், எடுபிடிப் பையன் மஷி. டெக்சாஸிலிருந்து மிசௌரியின் செடேலியா வரை மாடு ஓட்டிப் போகும் கூட்டத்துக்கு இவர்கள் வண்டிதான் வீடு, வாசல், ஆஸ்பத்திரி எல்லாம்.

என் மாமனார் ஊரில் கல்யாண சமையல் மாஸ்டர். எங்களோடு இருக்க வந்தபோது இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ராஹைட்டில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வந்தால் பேப்பரை விரிப்பார், விஷ்போன் வந்தால் மடிப்பார். ஒரு நாள் விஷ்போன் தாடி ஆட மஷியைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தார். மாமா என்னிடம், "திட்டுறான்னா பையனை வேலைக்கு ஆக்கப் போறான்னு அர்த்தம்மா. திட்டாம விட்டாத்தான் பயப்படணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்டயும் ஒருத்தன் இருந்தான்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. யார் அந்தப் பையன், என்ன ஆனான் என்று தெரியாது. மாமா இப்போது இல்லை.

பழைய ஆன்டெனா

செஸ்டர் தம்பி, ஃபெஸ்டஸை இப்படி ஓரம் கட்டாதீர்கள். ஃபெஸ்டஸாக நடித்த கென் கர்டிஸின் அப்பா கொலராடோவில் லாஸ் அனிமாஸ் ஊரில் ஷெரிஃப், அதாவது காவலதிகாரி. குடும்பமே சிறைக் கட்டடத்தில்தான் குடியிருந்தது. குடித்துவிட்டு அங்கே வந்து சேரும் ஒரு மரவெட்டியைச் சின்ன வயதில் பார்த்துப் பார்த்துத்தான் ஃபெஸ்டஸை உருவாக்கினார். அந்தக் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் சன்ஸ் ஆஃப் த பயனீர்ஸ் என்ற பாட்டுக் குழுவில் பாடியவர். ஃபெஸ்டஸ் ஒரு பாட்டை எடுத்தால் சலூனே அடங்குவது சும்மா இல்லை.

எனக்கு ஒரே ஒரு நினைவுதான்: டாக் பூட்ஸ் காலோடு படியேறி வரும் சத்தத்தை வைத்தே, "இன்னைக்கு ஃபெஸ்டஸ் தொலைஞ்சான்" என்று என் அறைத்தோழன் சொல்வான்.

செவிலி அம்மா, உங்களுக்கும் வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தை. அவர்களோடு பார்க்க உட்கார்ந்தால் வரிசைப்படி தொடங்க வேண்டாம். 1955லிருந்து 1961 வரை அரை மணி நேரக் கதைகள். இறுக்கமானவை, வம்பு பேச இடம் குறைவு. 1961க்குப் பிறகுதான் ஒரு மணி நேரம், 1966ல்தான் வண்ணம். ஃபெஸ்டஸ் முதலில் தலை காட்டியது 1962ல், நிரந்தரமாக வந்தது 1964ல். அதனால் 1966லிருந்து ஆரம்பியுங்கள். திரையில் வசன எழுத்து (சப்டைட்டில்) வரும்படி போட்டுவிடுங்கள், ஃபெஸ்டஸின் மலைநாட்டுப் பேச்சு உள்ளூர்க்காரர்களுக்கே நழுவும். விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், பலர் அதில்தான் பதறுகிறார்கள். "இது யார் தெரிகிறதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பிடித்த பகுதி கிடைத்தால் அதையே திரும்பத் திரும்பப் போடுங்கள், அவர்களுக்குச் சலிக்காது.

ஒஹாயோ செவிலி

நன்றி ஐயா. மற்றதெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தோம். எழுத்து மட்டும் அவருக்குப் பிடிக்காது, டாக்கின் முகத்தை மறைக்கிறது என்பார்.

செஸ்டர் பக்கம்

ஐயா, நான் ஃபெஸ்டஸைக் குறை சொல்லவில்லை. அவர் பாடினால் நானும் கேட்பேன். ஆனால் "டாக் எங்கே?" என்று அக்கா சொன்ன தாத்தா கேட்ட மாதிரி, "செஸ்டர் எங்கே?" என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. ஒன்பது சீசன் அந்த ஜெயிலைப் பெருக்கி, அடுப்பு மூட்டி, டாக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் செஸ்டர். 1964ல் வீவர் விலகியதும், கதையில் ஒரு விடைபெறல்கூட வைக்காமல் விட்டுவிட்டார்கள். டாக்கும் அவரும் கடைசியாக ஒரு சண்டை போட்டுக்கொள்ள ஒரு காட்சி எழுதியிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.