ஷாட்கன் ஷெல் ரீலோடிங்: இரண்டாவது பெட்டியிலிருந்து கிரிம்ப் சரியாக மூடவில்லை

ட்ராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுடுவதற்காக வீட்டில் 12 கேஜ் ஷெல் ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட ஷாட்கன் தோட்டாவை மறுபடி நிரப்புகிறேன். முதல் 25 ஷெல் அழகாக வரும். அடுத்த பெட்டியில் கிரிம்ப் (ஷெல்லின் வாயை மூடும் மடிப்பு) நடுவில் ஓட்டை விழுந்து, ஈயக்குண்டு ஒவ்வொன்றாக உதிர்கிறது. நிறுத்திச் சரிபார்த்தே நேரம் போகிறது. ஒரு சுற்று ட்ராப்புக்கே 25 ஷெல் வேண்டும், இந்த வேகம் கட்டுப்படியாகாது.

இடம் ஹூஸ்டன் பக்கம், ஏசி இல்லாத கராஜ். ஒரு நேரத்தில் ஒரே ஷெல் ஏறும் பழைய பிரஸ் (ரீலோட் செய்யும் இயந்திரம்), நண்பரிடம் வாங்கியது. 2¾ அங்குல ஹல் (காலி ஷெல் கூடு), 1⅛ அவுன்ஸ், 8-ஆம் எண் ஷாட் (ஈயக்குண்டு). மே மாதத்திலிருந்து இந்தத் தொல்லை.

ஹல்களைப் பிராண்டு வாரியாகப் பிரித்தேன். ஆறு மடிப்பு, எட்டு மடிப்பு கலக்கவில்லை. மடிப்பைத் தொடங்கி வைக்கும் கிரிம்ப் ஸ்டார்ட்டரும் அதற்கேற்ப மாற்றினேன். வாய் கிழிந்த ஹல்களைத் தூக்கிப் போட்டாயிற்று. மடிப்பை அழுத்தி மூடும் கடைசி கிரிம்ப் டையைக் கொஞ்சம் இறக்கினால் ஹல்லின் தோள் புடைத்து, துப்பாக்கியின் சேம்பரில் ஏற மறுக்கிறது. வேகத்துக்காக எல்லா ஹல்லிலும் முதலில் பவுடர் மட்டும் போட்டுப் பார்த்தேன். எதற்குப் போட்டோம், எதற்கு விட்டோம் என்ற பயத்திலேயே அதைக் கைவிட்டேன். இரட்டைப் பவுடர் விழுந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

பவுடர், வாட் (பவுடருக்கும் குண்டுக்கும் நடுவே வைப்பது), பிரைமர் (பவுடரைப் பற்றவைப்பது) எல்லாம் கையேட்டில் உள்ள ரெசிப்பிதான். அதில் கைவைக்கச் சொல்லாதீர்கள்.

முதல் பெட்டி சரியாக வந்து அப்புறம் கெடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது கிரிம்ப் ஸ்டார்ட்டரையா, கடைசி டையை அதே உயரத்தில் பிடித்து வைக்கும் லாக் நட்டையா?