டிஜிட்டல் கிடார் வைத்திருப்பவர்களே, பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது?

மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் வாசிக்கிறேன், சென்னை. 2013இல் ஒரு மாடலிங் கிடார், அதாவது வேறு வேறு கிடார்களின் சத்தத்தை டிஜிட்டலாக உருவாக்கும் கிடார், வாங்கினேன். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி பீசோ (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன உணரி), உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. ஒரு நாபைத் திருப்பினால் நைலான் கம்பிச் சத்தம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் பன்னிரண்டு கம்பி. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் சுருதி. மேடை ஏறும் நேரத்தில் பாடகர் வந்து, "அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரருக்கு ஒரு பட்டன். கிடார்காரனுக்கு ஆறு கம்பியும் வேர்வையும். இந்தக் கிடாரில் எனக்கும் ஒரு பட்டன் கிடைத்தது.

2020 மார்ச் வரை ஒரு கச்சேரியில்கூட அது என்னைக் கைவிடவில்லை. அப்புறம் ஊரடங்கு. பெட்டிக்குள் பதினான்கு மாதம் கிடந்தது, பேட்டரியைக் கழற்றாமலே. அதுதான் நான் செய்த தப்பு. லித்தியம் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். திறந்து பார்த்தபோது உப்பியிருந்தது. சர்வீஸ் சென்டரில், "அந்த மாடலை நிறுத்திட்டாங்க சார், பேட்டரி வராது" என்று முடித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று பார்த்தேன். தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்தே தடை. எழுதிக் கேட்ட இரண்டு கடைகளும் அனுப்ப முடியாது என்றன.

கடைசியில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்தான் காப்பாற்றியது. பேட்டரி பேக் கட்டும் ஒருவர், 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்து, 7.4 வோல்ட்டுக்குப் பாதுகாப்பு போர்டு வைத்துக் கட்டிக்கொடுத்தார். நான்காவது வருடமாக ஓடுகிறது. உப்பிய பேட்டரியை மட்டும் தயவுசெய்து நீங்களே நோண்டாதீர்கள். தீப்பிடிக்கும்.

அடுத்து மென்பொருள். சுருதி அமைப்புகளை மாற்ற ஒரு எடிட்டர் உண்டு. நான் வைத்திருக்கும் பதிப்பு 32 பிட். 2019இல் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களுக்குக் கேட்டலினா என்ற இயங்குதளம் வந்தபோது 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாமல் போனது. அதனால் ஒரு பழைய லேப்டாப்பை அப்டேட் செய்யாமல், இந்தக் கிடாருக்காகவே பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டில் யாரையும் தொட விடுவதில்லை.

போன வருடம் ஐந்தாம் கம்பியின் சத்தம் திடீரென மெலிந்தது. போர்டு போய்விட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பார்த்தால் பீசோ வயரின் கனெக்டரில் பச்சைப் பூப்பு. கடற்காற்று, கை வேர்வை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் சரியானது.

இத்தனைக்கும் அந்தக் கிடார் ஒரு நாளும் முழு ஊமையாகவில்லை. எல்லா எலக்ட்ரிக் கிடாரிலும் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சாதாரணக் காந்தப் பிக்கப்பும் அதில் இருக்கிறது. பேட்டரியே இல்லாவிட்டாலும் அந்த வழியில் சத்தம் வரும். விற்காமல் வைத்திருப்பது அதனால்தான். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இது: கடையிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆம்ப்பில் சொருகிப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் அந்தப் போர்டின் ஆயுள்தான் கிடாரின் ஆயுள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

திருச்சியிலிருந்து, கிடார் சர்வீஸ் செய்பவன்:

அண்ணே, நீங்கள் சொன்ன சோதனையோடு நான் இன்னொன்றும் பார்ப்பேன். டிஜிட்டல் பாகத்தைக் கழற்றி எடுக்க முடியுமா? தானாகச் சுருதி சேர்க்கும் கிடார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சன் 2007இல் விட்ட ரோபோ கிடாரில் ஜெர்மனியின் டிரானிகல் நிறுவனத்தின் தொழில்நுட்பம். பிரிட்ஜ், வயரிங், கன்ட்ரோல் நாப் என்று உடம்பு முழுக்க அது ஓடும். 2015இல் பெரும்பாலான மாடல்களில் வைத்த ஜி-ஃபோர்ஸ் அப்படியில்லை. தலைப்பகுதிக்குப் பின்னால் உட்காரும் ஒரே பெட்டி. ஒருவர், "கையால் முறுக்கினால்தான் எனக்குத் திருப்தி" என்று கொண்டுவந்தார். பழுது எதுவும் இல்லை. கழற்றி, சாதாரணச் சாவிகளை மாட்டிக்கொடுத்தேன். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. நாளைக்கு வேண்டுமென்றால் பழையபடி மாட்டலாம்.

கழற்ற முடியாததன் கதி என்ன ஆகும் என்பதை 2019இல் பார்த்தோம். டிஜிட்டல் பாகங்களை உள்ளேயே வைத்துக் கட்டிய கிப்சனின் ஃபயர்பேர்ட் எக்ஸ் கிடார்களை நூற்றுக்கணக்கில் தரையில் அடுக்கி, இயந்திரத்தை ஏற்றி நொறுக்கிய வீடியோ. சரிசெய்ய முடியாதவை, பாதுகாப்பற்ற பாகங்கள் கொண்டவை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த மரம் என்ன பாவம் செய்தது? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

* * *

நாகர்கோவிலிலிருந்து, சர்ச் கொயரில் வாசிப்பவர்:

நான் வேறு வழியில் போனவன். பதினைந்து வருடத்துக்கு மேல் ரோலண்ட் ஜிகே-3 பிக்கப் வைத்திருக்கிறேன். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பட்டை, அவ்வளவுதான். சத்தத்தை உருவாக்கும் மூளை தரையில் இருக்கும் பெட்டியில். மின்சாரமும் அங்கிருந்து 13 பின் கேபிள் வழியாகவே வருகிறது. கிடாரில் பேட்டரியே கிடையாது. பெட்டி பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம், நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

ரோலண்ட்காரர்களும் கனெக்டரை மாற்றாதவர்கள் அல்ல. 1984இல் வந்த ஜி-707 கிடாருக்கு 24 பின், அப்புறம் 13 பின், 2023இல் அவர்களுடைய பாஸ் (Boss) பிராண்டின் பெயரில் சீரியல் ஜிகே என்ற புதிய இணைப்பு முறை. ஆனால் அந்தப் புதிய முறைக்குப் போனபோது 13 பின் கிடாரைப் புதுப் பெட்டியில் சொருக ஒரு கன்வெர்ட்டரும் சேர்த்தே விட்டார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

அரைக் கட்டை இறக்க மட்டும் என்றால் டிஜிடெக் டிராப் பெடல் போதுமே சார். கிடாருக்குள் எதுவும் வேண்டாம்.

* * *

முதலில் எழுதியவன்:

நாகர்கோவில் நண்பருக்கு: அந்தப் பெடலை வாசித்திருக்கிறேன், நல்ல பெடல். ஆனால் ஆறு கம்பியையும் ஒரே அளவுதான் இறக்கும். எனக்குச் சில பாட்டுக்கு ஆறாம் கம்பி மட்டும் இறங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். அதற்குக் கம்பிக்கொரு தனி பிக்கப் இல்லாமல் முடியாது. பெட்டி தரையில் இருப்பதுதான் நீண்ட நாளைக்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கிடார் அப்படித்தான்.

திருச்சித் தம்பி, ஒரு உதவி. பீசோ கனெக்டரைத் துடைத்தேன், ஆனால் பச்சை திரும்ப வராமலிருக்க என்ன பூசலாம்? ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் போடலாம் என்கிறார்கள், அவ்வளவு நுண்ணிய பின்களில் போடலாமா? வெள்ளிக்கிழமை கச்சேரி, அதற்குள் சொன்னால் நல்லது.